தினக்கூலியா, மாதச் சம்பளமா, ஒலி-ஒளிக் குழுவா: எக்ஸ்போ செட்டப் வேலைக்குப் போகுமுன்

அக்கா மகன் தேசிய சேவையை முடித்து இரண்டு மாதம் ஆகிறது. பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவன். மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தவன் கைபேசியை என்னிடம் நீட்டி, "மாமா, இதுக்குப் போகட்டுமா?" என்றான். வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி. சிங்கப்பூர் எக்ஸ்போ கண்காட்சி வளாகத்தில் ஐந்தாம் ஹால், பூத் (கண்காட்சிக் கடை) செட்டப், இரவு எட்டு முதல் காலை ஆறு வரை, கருப்புச் சட்டை, மூடிய காலணி, மணிக்கு 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முடிந்ததும் பேநவ், அதாவது கைபேசி வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம். கம்பெனி பெயர் எங்கும் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் இவன் காட்டியதைப் போலக் கூப்பிட்ட இடத்துக்குப் போன தினக்கூலி. அப்புறம் பூத் கட்டும் கம்பெனியில் மாதச் சம்பளம், இன்று வரை அதுதான். என்னோடு தொடங்கிய நண்பன் ஒருவன் ஒலி-ஒளிப் பக்கம் போனான். ஆக, மூன்று வழியையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மருமகனுக்கு அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னதை, விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் பார்ப்பது மூன்று நான்கு நாள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் செட்டப். கடைசி நாள் கதவைச் சாத்திய உடனே டியர்டவுன், அதாவது எல்லாவற்றையும் கழற்றி அகற்றுவது, அது விடிய விடிய நடக்கும். எக்ஸ்போவில் பத்து ஹால், ஒவ்வொன்றும் 10,000 சதுர மீட்டர், எல்லாம் தரைத்தளம், நடுவில் ஒரு தூண் கிடையாது. சாமானோடு லோரி உள்ளேயே வந்து நிற்கும். நகர நடுவில் இருக்கும் சன்டெக்கில் கண்காட்சிக் கூடம் நான்காம் மாடியில். மரினா பே சாண்ட்ஸில் அடித்தளத்திலும் கூடம் உண்டு. அங்கெல்லாம் லோடிங் பேயில் (லோரி நின்று சாமான் இறக்கும் இடத்தில்) ஒதுக்கிய நேரத்துக்குள் இறக்கி முடித்தாக வேண்டும். அதே பத்து மணி நேர வேலைதான், ஆனால் எக்ஸ்போவில் வலிக்கும் இடம் வேறு, சன்டெக்கில் வலிக்கும் இடம் வேறு.

சாதாரண பூத் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். எட்டுப் பக்கம் உள்ள அலுமினியத் தூண், அதில் பொருந்தும் குறுக்குச் சட்டம், நடுவே வெள்ளைப் பலகை. ஜெர்மன் கம்பெனியின் பெயரை வைத்து எல்லாரும் ஆக்டாநார்ம் என்பார்கள். தரையில் எங்கே எந்த பூத் என்று கோடு போட்டிருக்கும். தூணை நிறுத்தி, கீழ்ச் சட்டத்தின் முனையைத் தூணின் பள்ளத்தில் செருகி, அல்லன் கீயை (அறுகோண முனைச் சாவியை) விட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் கொக்கி போய்ப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பிடிக்காமல் விட்டால், மேல் சட்டம் போடும்போது சுவரே ஆடும். பலகையை மேலிருந்து பள்ளத்தில் இறக்க இரண்டு பேர் வேண்டும். புதியவர்களை முதல் இரவில் பலகை தூக்கவும் கம்பளம் உருட்டவும்தான் விடுவார்கள். கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து வைத்திருப்போம். திறப்பு விழா அன்று காலை அதை ஒரே இழுப்பாக இழுத்துச் சுருட்டும்போது, இரவெல்லாம் மரத்தூளும் ஒட்டுநாடாவுமாகக் கிடந்த இடம் கல்யாண மண்டபம் போல ஆகிவிடும். பதினெட்டு வருடம் கழித்தும் அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் ஓரமாக நின்று பார்ப்பதுண்டு.

சரி, தினக்கூலிக்கு வருவோம். அதன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய உண்டு. பிடித்த நாளில் போகலாம், பிடிக்காத நாளில் போக வேண்டாம். தைப்பூசத்துக்கு சிங்கப்பூரில் 1968-லிருந்து பொது விடுமுறை இல்லை. மாதச் சம்பளக்காரன் அன்று காவடி எடுக்க வேண்டுமென்றால் லீவு கேட்க வேண்டும். தினக்கூலிக்காரர் 'வரவில்லை' என்று ஒரு வரி அனுப்பினால் போதும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் நிற்கிற பையனுக்கு இது பெரிய வசதி. இன்னொன்று, ஒரே மாதத்தில் நாலு கம்பெனியோடு வேலை செய்து, யார் ஒழுங்கானவர், யார் கத்துகிறவர், எந்த வேலை கைக்கு வருகிறது என்று பார்த்துவிடலாம். மாதச் சம்பளத்தில் அந்தப் பாடம் கிடைக்க வருடக்கணக்கில் ஆகும்.

ஆனால் மணிக்கு 12 வெள்ளி என்பது முழுக் கணக்கு இல்லை. மாதம் பதினைந்து இரவு, ஒரு இரவுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் 1,800 வெள்ளி. பேநவில் முழுதாக வரும், கையில் கனமாக இருக்கும். அதே 1,800 முறையான ஊழியராக வந்தால், 55 வயது வரையுள்ளவருக்கு மத்திய சேம நிதிக்கு நம் பங்கு 20 விழுக்காடு, 360 வெள்ளி பிடித்துக்கொண்டு 1,440 கைக்கு வரும். முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 306 வெள்ளி மேலே போட வேண்டும். ஆக உண்மையில் நம் பெயரில் சேர்வது 2,106 வெள்ளி. முதல் வகையில் அந்த 306 யாருக்கு மிச்சம் என்று யோசித்தால் விளங்கும், ஏன் சிலர் 'ஃப்ரீலான்ஸ்' என்ற சொல்லை அவ்வளவு விரும்புகிறார்கள் என்று. பகுதி நேரமோ ஒரு நாள் கூலியோ, ஊழியராக வேலை செய்தால் மாத வருமானம் 50 வெள்ளியைத் தாண்டியதுமே முதலாளி தன் பங்கைக் கட்டியாக வேண்டும். இது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் கம்பெனி, உள்ளூர்ப் பகுதிநேர ஊழியருக்கு மணிக்கு இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 2024 ஜூலையில் அது 10.50 வெள்ளி ஆனது.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒன்று. பிடிஓ (வீவக புதிதாகக் கட்டித் தரும்) வீட்டுக்கான மேம்படுத்தப்பட்ட மானியத்துக்கு, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பெயர் தெரியாத எண்ணிலிருந்து வந்த பேநவை வைத்து அதைக் காட்டுவது லேசான காரியமில்லை.

காசை விடப் பெரிய விஷயம் காயம். 2009-ல் ஒரு டியர்டவுன் இரவில், பேலட் ஜாக்கில் (சாமான் தள்ளும் கைவண்டியில்) ஏற்றியிருந்த மரக் கவுண்டர் சரிந்து என் வலது கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. சாதாரண விளையாட்டுக் காலணிதான் போட்டிருந்தேன். எலும்பில் விரிசல். மருத்துவர் இரண்டு வாரம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தார். வேலைக்குக் கூப்பிட்டவரிடம் எம்சியைக் காட்டினேன். "நீ ஃப்ரீலான்ஸ்தானே" என்றார். அந்த இரண்டு வாரமும் ஒரு வெள்ளி வரவில்லை, மருத்துவமனைச் செலவும் என்னுடையது. அம்மாவிடம் கடன் வாங்கினேன். கேட்கும் உரிமை எனக்கு இருந்திருக்கலாம் என்பதே அப்போது தெரியாது.

இப்போது தெரியும், அதனால் சொல்கிறேன். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பகுதிநேர ஊழியரையும் நாள்கூலி ஊழியரையும் சேர்த்தே காக்கிறது. உடலுழைப்பு வேலை செய்கிறவர் என்றால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும். சுயதொழில் செய்கிறவருக்குத்தான் அது கிடையாது. ஒருவர் ஊழியரா, சுயதொழிலரா என்பதை 'ஃப்ரீலான்ஸ்' என்ற ஒரு சொல் முடிவு செய்துவிடாது. எத்தனை மணிக்கு வா, இதைச் செய், இப்படிச் செய் என்று சொல்வது யார், கருவிகள் யாருடையவை, நமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். செட்டப் இரவில் நாம் நிற்கிற நிலையை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் நாம் ஊழியர்தான். ஆனால் யாருடைய ஊழியர்? கம்பெனி பெயரே இல்லாத செய்தியை நம்பிப் போனவர் அங்கேதான் மாட்டிக்கொள்வார். மேல் ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே ஆள் கூட்டி வருகிறவர் என்று மூன்று தட்டு இருக்கும். விபத்து நடந்தால் மூன்று பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். செயலி வழியாக வேலை எடுத்து உணவு, பொருள் விநியோகம் செய்கிறவர்களுக்கும் தனியார் வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கும் 2025 ஜனவரியிலிருந்து தளமேடை (பிளாட்ஃபார்ம்) ஊழியர் சட்டம் வந்துவிட்டது. கைபேசிச் செயலி வழியாக வருகிற செட்டப் வேலைக்கும் அது உண்டு என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை, அந்தச் சட்டம் அந்த இரண்டு தொழிலுக்கு மட்டும்.

பூத் கட்டும் கம்பெனியில் மாதச் சம்பளம் என்பது வேறு வாழ்க்கை. பாதி நேரம் ஹாலில் இருக்க மாட்டீர்கள், பட்டறையில் இருப்பீர்கள். ஆக்டாநார்ம் பூத் சின்ன வாடிக்கையாளருக்கு. பெரிய கம்பெனிகள் வெறும் தரையை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களுக்கென்று மர வேலைப்பாட்டோடு பூத் கட்டச் சொல்லும். ஒட்டுப்பலகை அறுப்பது, இணைப்பில் பட்டி பூசித் தேய்ப்பது, வண்ணம் அடிப்பது, லோரியில் ஏற்றுவது, ஹாலில் பொருத்துவது, மூன்று நாள் கழித்து உடைத்துப் போடுவது. அழகாகச் செய்ததை நாமே உடைப்பது ஆரம்பத்தில் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். பட்டறைகள் சுங்கை காடுட் மாதிரி ஒதுக்குப்புறமான இடங்களில்தான் இருக்கின்றன, போக்குவரத்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

இங்கே வேலை நியமனச் சட்டம் கூடவே வரும். உடலுழைப்பு ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை இருந்தால் வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம், வாரம் ஒரு ஓய்வு நாள். மூன்று மாதம் முடிந்தால் ஆண்டு விடுப்பு, முதல் வருடம் ஏழு நாள். பொது விடுமுறை அன்று வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம். தீபாவளி அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதிக்குள் வரும், அதுவே நம் தொழிலில் மூச்சு விட முடியாத காலம். நவம்பரில் எக்ஸ்போவில் ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்ப) விழா இருக்கும். தீபாவளிக்கு முந்தின இரவு கம்பளம் ஒட்டிவிட்டு, விடியற்காலை வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்த வருடங்கள் எனக்கு உண்டு.

குறையையும் சொல்ல வேண்டும். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். மேற்பார்வையாளராக ஆகாமல் பலகையே தூக்கிக்கொண்டிருந்தால், பத்து வருடம் கழித்தும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேலே போக மூன்று விஷயம் கை கொடுக்கும்: வரைபடம் படிக்கத் தெரிவது, வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசத் தெரிவது, மரவேலையில் ஒழுங்கான கை. எனக்கு மூன்றாவது இருந்தது, முதலிரண்டையும் வேலையில்தான் கற்றேன். பல பட்டறைகளில் மாண்டரின் ஓடும். நான் உளி, ஆணி, அளவு, 'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்' வரை கற்றுக்கொண்டேன். அந்த நாற்பது சொல்லுக்கே பழைய தச்சர்கள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வழி ஒலி-ஒளி. மேடை, ஒலிபெருக்கி, விளக்கு, எல்இடி திரை. மருமகனுக்கு இதைத்தான் நான் அழுத்திச் சொன்னேன். கூடத்தில் நீங்கள் பார்க்கும் பெரிய எல்இடி திரை ஒரே துண்டு அல்ல, அரை மீட்டர் சதுரப் பெட்டிகளின் அடுக்கு. ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் என்றால் அறுபது பெட்டி. ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கிலோ இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று பொருத்தும்போது ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் படத்தின் குறுக்கே கோடு தெரியும். மூலையை இடித்துவிட்டால் மணல் போலச் சின்னச் சின்ன விளக்குகள் உதிரும். அதனால் புதியவர் கையில் திரைப் பெட்டியைக் கொடுப்பதற்கு முன், அவரைச் சாமான் வைக்கும் சக்கரப் பெட்டி தள்ளவும் கேபிள் சுருட்டவும்தான் விடுவார்கள். கேபிள் சுருட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது: ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று உள்பக்கமாக. அப்படிச் சுருட்டினால்தான் அடுத்த முறை வீசும்போது முறுக்கில்லாமல் விரியும். ஒருவன் இந்தத் தொழிலில் நிற்பானா என்று மூத்தவர்கள் அந்தச் சுருட்டலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இங்கே தூக்கும் எடை பூத் வேலையை விடக் குறைவில்லை, இரவு அதை விட நீளம். நிகழ்ச்சி நடக்கும்போதும் நாம் இருக்க வேண்டும். ஆனால் கையில் தொழில் சேரும். சமிக்ஞை எங்கிருந்து எங்கே போகிறது, எந்த மின்சுற்றில் எவ்வளவு சுமை என்று புரிந்தவன் மூன்று வருடத்தில் விளக்கு மேசைக்கோ ஒலி மேசைக்கோ போய்விடலாம். என் நண்பன் அப்படித்தான் போனான். மின்னியல் படித்த பையன் பலகை தூக்கிக்கொண்டு வருடங்களைக் கழிப்பதை விட இது எவ்வளவோ மேல். அப்புறம், இந்த வேலை கண்காட்சியோடு நிற்பதில்லை. கல்யாணம், கச்சேரி, பள்ளி விழா, கம்பெனி ஆண்டுவிருந்து என்று கண்காட்சி இல்லாத மாதத்திலும் கூப்பிடுவார்கள்.

உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். டிரஸ் (விளக்குகளைத் தாங்கும் உலோகச் சட்டம்) கட்டித் தூக்குவதும் மேலே விளக்கு மாட்டுவதும் இதில் வரும். மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் அதற்கென்று அனுமதிச் சீட்டு வேண்டும், உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியும் வேண்டும். 'ரெண்டு நிமிஷ வேலைதான், ஏணியில் ஏறிடு' என்று யார் சொன்னாலும் ஏற வேண்டாம். அவசரம் எல்லா இரவும் இருக்கும்.

நம் ஆட்களில் ஒரு பகுதியினருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது, அதையும் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து ஒர்க் பெர்மிட்டில் வந்திருக்கும் தம்பிகள், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) யாராவது 'எக்ஸ்போவில் ஒரு ராத்திரி வேலை, கையில் காசு' என்று கூப்பிட்டால் போகவே கூடாது. பெர்மிட்டில் எந்த முதலாளி பெயர், எந்த வேலை இருக்கிறதோ அது மட்டும்தான். அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. கூப்பிட்டவர் அன்று காணாமல் போவார், ஊரில் வாங்கிய கடன் மட்டும் இருக்கும். மாணவர் அனுமதியில் படிக்க வந்தவர்கள் அங்கீகரிக்கப்பட்ட கல்விக்கூடத்தில் முழுநேரம் படித்தால் பள்ளித் தவணையில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். இரண்டு செட்டப் இரவு போனாலே அது தாண்டிவிடும். கல்விக்கூடத்தில் கேட்டு உறுதி செய்யாமல் போக வேண்டாம்.

மருமகன் கடைசியில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "கோவிட் மாதிரி மறுபடி வந்தா, மாமா?" 2020 ஏப்ரலில் எக்ஸ்போ ஹால்களில் நாங்கள் பூத் கட்டிய இடத்தில் நோயாளிகளுக்குக் கட்டில் போட்டார்கள். அந்த அலுமினியத் தூணும் வெள்ளைப் பலகையும் தடுப்பாக நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து வீட்டில் எல்லாரும் அமைதியாக இருந்தோம். கண்காட்சி ஒன்று கூட இல்லை. அரசாங்கம் வேலை ஆதரவுத் திட்டத்தில் முதலாளிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது, அந்தக் கணக்கை மத்திய சேம நிதிப் பதிவை வைத்துத்தான் போட்டார்கள். என் பெயர் அதில் இருந்தது. சம்பளம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பல வருடம் கைக்காசாக வாங்கிய பழைய கூட்டாளிகளின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அவர்கள் வேறு வழி தேடி அலைந்ததைப் பார்த்தேன். அதனால்தான் மணிக்கு எத்தனை வெள்ளி என்று கேட்பதற்கு முன், பெயர் எங்கே பதிவாகும் என்று கேள் என்கிறேன்.

என் முடிவு இது. இருபதுகளில் இருப்பவர், கொஞ்சம் மின்சாரமோ கணினியோ தெரியும் என்றால் ஒலி-ஒளி. கையில் மரவேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, மாதாமாதம் நிலையான தொகை வேண்டும் என்றால் பூத் கம்பெனி. தினக்கூலியை இரண்டு மூன்று மாதம் தொழிலைப் பார்க்கும் காலமாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர்கள், வேறு வேலை போய் இந்தப் பக்கம் பார்க்கிறவர்கள் இரவு டியர்டவுனை விட்டுவிடுங்கள், முதுகு தாங்காது. அவர்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பயிற்சி எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனியில் சேர்வது நல்லது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரருக்கு 2024 மே மாதத்தில் கூடுதலாகக் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை (அரசாங்கம் திறன் பயிற்சிக்குத் தருவது) எந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு மருமகனை மூன்று கேள்வி அனுப்பச் சொன்னேன். என்னை வேலைக்கு எடுப்பது எந்தக் கம்பெனி? மத்திய சேம நிதி கட்டுவீர்களா? காயம் பட்டால் காப்பீடு யாருடையது? பதினைந்து நிமிடம் கழித்து, 'ஆள் எடுத்தாச்சு' என்று பதில் வந்தது. அடுத்த நாள் அதே கேள்விகளை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பினான். அவர்கள் பெயர், பதிவு எண், இரவு எத்தனை மணிக்கு முடியும், டாக்சிக் காசு உண்டா இல்லையா என்பது வரை எழுதி அனுப்பினார்கள். மணிக்கு 11 வெள்ளி, ஒரு வெள்ளி குறைவு. வெள்ளிக்கிழமை இரவு அங்கே போகிறான். பீரோவுக்குள் இருந்த என் பழைய சேஃப்டி ஷூவைப் போட்டுப் பார்த்தான், ஒரு அளவு பெரிதாக இருக்கிறது. நாளைக்கு முஸ்தபா கடைப் பக்கம் போய்ப் புதிது வாங்க வேண்டும்.